உள்ளுக்கு ஒரு ராத்திரி, வெளியே ஒரு ராத்திரி

பெயின்ட் விற்றவனை விமானத்தில் ஏற்றி மலேசியாவுக்குக் கொண்டுபோய், அங்கே ராட்டினத்தில் வைத்துச் சுற்றுவார்கள் என்று பத்து வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். இலங்கையில், கரவனெல்லயில் எனக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. ஆணி, சீமெந்து, தகரம், பெயின்ட். போன வருடம் எங்கள் பக்கத்தில் ஊருக்கே சுவர் பூசும் ஆசை வந்துவிட்டதோ என்னவோ, பெயின்ட் நன்றாகப் போனது. அதற்குப் பரிசாகக் கம்பனிக்காரர்கள் ஒரு பயணம் கொடுத்தார்கள். கடைக்காரர், கூட ஒருவர், மூன்று பகல், இரண்டு ராத்திரி, ஒரு பெரிய விளையாட்டுப் பூங்கா.

மற்றக் கடைக்காரர்கள் எல்லோரும் மனைவியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். என் மனைவி வசந்தி, மகளுக்குப் பரீட்சை இருக்கிறது என்று மறுத்துவிட்டாள்.

"மூத்தவரைக் கூட்டிட்டுப் போங்களேன். இங்க வெச்சுக் கேட்டா அவரு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. அங்க வெச்சாவது கேளுங்க" என்றாள்.

மூத்தவர் என்றது என் அண்ணன் பெருமாளை. கரவனெல்லக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அண்ணி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகளை எம்பிலிப்பிட்டியவில் கட்டிக் கொடுத்துவிட்டார். நாங்கள் இருவரும் பிறந்த அதே லயக் காம்பராவில், தோட்டம் கொடுத்த வரிசை வீட்டின் ஒற்றை அறையில், தனியாக இருக்கிறார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு அறுபது முடிகிறது. அறுபது முடிந்தால் தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலையாள் பதிவில் இருந்து பேரை வெட்டிவிடுவார்கள். குடும்பத்தில் வேறு யாரும் தோட்ட வேலைக்குப் பேர் பதியாவிட்டால், பேர் பதிந்த வேறு ஆட்களுக்குக் காம்பராவைக் கொடுக்க வேண்டும் என்று ஆபீசில் இருந்து கடிதமும் வந்துவிட்டது.

எனக்கு இதில் யோசிக்க எதுவுமே இருக்கவில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டில் மேலே ஓர் அறை கட்டி, மாபிள் பதித்து, பாத்ரூமும் வைத்திருக்கிறேன். அண்ணனுக்காகவே கட்டியது. மூன்று மாதமாக வாங்க வாங்க என்று கூப்பிடுகிறேன். "பாப்போம் தம்பி" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இந்தப் பயணத்தில் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டுதான் திரும்புவது என்று முடிவு கட்டினேன்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் பயணத்துக்குப் பொறுப்பான நளின் என்ற இளைஞர் சிங்களத்தில் போன் செய்தார். "கணேசன் முதலாளி, உங்களுக்கு உள்ளேயா வெளியேயா?" என்று கேட்டார். பூங்காவுக்கு உள்ளேயே ஒரு ஹோட்டல் இருக்கிறதாம். அங்கே தங்கினால் நடந்தே போய்விடலாம். மற்றவர்களுக்குக் கதவு திறக்க ஒரு மணித்தியாலம் முந்தியே உள்ளே விடுவார்கள். வெளியே என்றால் டவுனில் ஒரு சின்ன லொட்ஜ், பூங்காவுக்கு வேனில் பத்து நிமிடம். ஆனால் சுற்றிவரக் கடை, சாப்பாடு எல்லாம் உண்டு. பெண்கள் எல்லோரும் கடைகளை நினைத்து வெளியே என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். "உள்ளுக்கா வெளியிலயாண்ணே?"

அவர் சிரித்தார். "நம்ம என்னைக்குத் தம்பி வெளிய இருந்திருக்கோம்? உள்ளுக்கே போடு."

அதை அவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் அதுதான் ஆசை. துரை பங்களாவின் விறாந்தையில் கூட அவர் கால் வைத்ததில்லை. ஒரு ராத்திரியாவது பங்களா மாதிரி ஓர் இடத்தில் அவரைப் படுக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். மொத்தக் கூட்டத்திலும் உள்ளே என்று சொன்னது நாங்கள் இருவர் மட்டும்தான்.

*

முதல் நாள் கோலாலம்பூரில் இறங்கியபோது வெயில் கொழும்பு வெயிலைப் போலவேதான் இருந்தது. அண்ணன் என்னுடைய பழைய கால்சட்டையை வெட்டித் தைத்துப் போட்டிருந்தார். வெள்ளைச் சட்டை. எவ்வளவு தேய்த்தாலும் போகாத பால்கறை அவர் விரல் இடுக்குகளில் கறுப்பாக இருந்தது. விமானத்தில் கொடுத்த சின்ன வெண்ணெய்ப் பெட்டியைத் திறக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, வேனில் ஏறிய பிறகு அது உருகி, பை முழுக்க எண்ணெய் ஆகிவிட்டது.

நெடுஞ்சாலையில் பாதி தூரத்தில் வேனின் டயர் போனது. சாரதி இறங்கித் தலையைச் சொறிந்தார். நாங்கள் பன்னிரண்டு கடைக்காரர்களும் நிழல் தேடினோம். அண்ணன் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாரதியுடன் குனிந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. ஆனாலும் இருபது நிமிடத்தில் சக்கரம் மாறிவிட்டது.

அப்போது என் பக்கத்தில் நின்ற ஒரு நோனா, கேகாலைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரின் மனைவி, தன் கணவரிடம் சிங்களத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. "அது இவருடைய கடையில் வேலை செய்கிற ஆள். பாவம், அந்த மனுஷனையும் பிளேனில் கூட்டிவந்திருக்கிறார். எவ்வளவு நல்ல மனசு."

நான் திரும்பி, "இல்லை நோனா, இவர் என் கூடப் பிறந்த அண்ணன்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம்தான். சிங்களம் எனக்கு வராத பாஷையும் இல்லை. ஆனால் நல்ல மனசு என்று ஒருவர் சொல்லும்போது அது கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. நான் கண்ணாடியைத் தேடுவது போலப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

உள் ஹோட்டல் நான் நினைத்ததை விடப் பெரிதாக இருந்தது. வாசலில் ஒரு காவல்காரர் எங்கள் பையைத் திறந்து, வசந்தி கட்டிக் கொடுத்த முறுக்கையும் கட்ட சம்பலையும் எடுத்து ஒரு தட்டில் வைத்து, ரசீதுத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாதாம். போகும்போது வாங்கிக்கொள்ளலாமாம்.

"நம்ம வாட்ச்சரு பரவாயில்ல. கெழங்கு மூட்டைய நிறுத்துனாலும் பாதிய விட்ருவாரு" என்றார் அண்ணன்.

வரவேற்பு மேசையில் இருந்த பையன் எங்கள் இருவரின் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு நீலப் பட்டியைக் கட்டினான். அதுதான் அறைக்குச் சாவி, சாப்பாட்டுக்குச் சீட்டு, பூங்காவுக்கு நுழைவு எல்லாம். அறை என் பேரில் இருந்ததால் இரண்டு பட்டியிலும் என் பேர்தான் அச்சாகியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது.

ஆறில் இருந்து எட்டுக்குள் சாப்பிட வேண்டும் என்றார்கள். அறுபது வகை உணவு இருந்தது. அண்ணன் கொஞ்சம் சோறும் ஒரு துண்டு மீனும் எடுத்துவந்து சாப்பிட்டுவிட்டு, சாயத்தண்ணி தேடிப் போனார். நூலில் கட்டிய தேயிலைப் பொட்டலத்தோடு திரும்பிவந்தார். "தேயிலையையும் மூட்டை கட்டித்தான் உள்ள விடுவாங்க போல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று இரவு மேலறையைப் பற்றிக் கேட்கலாம் என்று திரும்பிப் பார்த்தேன். மெத்தை பழகாமல் தரையில் போர்வையை விரித்துத் தூங்கிவிட்டிருந்தார்.

*

இரண்டாம் நாள் காலை எனக்கு விழிப்பு வந்தபோது எட்டரை. அண்ணனின் போர்வை நாலு மூலையும் ஒட்ட மடித்து வைக்கப்பட்டிருந்தது. அண்ணனைக் காணவில்லை. பாத்ரூமில் இல்லை, சாப்பாட்டு மண்டபத்தில் இல்லை, நீச்சல் குளத்துப் பக்கமும் இல்லை. பாஷை தெரியாத ஊரில் எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. பதறிக்கொண்டு பூங்கா வாசலுக்கு ஓடினேன்.

ஹோட்டல்காரர்களுக்கான முன்கதவு எட்டு மணிக்கே திறந்துவிட்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவுக்குப் பத்தடி தள்ளி, சுவரோரம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணன் நின்றார்.

"என்னண்ணே இங்க நிக்கிறீங்க? உள்ள போகலியா?"

"பேர் கூப்பிடல தம்பி."

"யாரு கூப்பிடணும்?"

"ஆறு மணிக்கே வந்துட்டேன். நான்தான் மொத ஆளு. அந்தப் புள்ள பேர் கேட்டுச்சு. பெருமாள், நூத்தி நாப்பத்திரெண்டுன்னு சொன்னேன். மிஷின்ல வெச்சுப் பாத்துட்டுக் கணேசன்னுச்சு. இல்லம்மா, அது எந்தம்பின்னேன். அதுக்கு வெளங்கல. ஒம் பேர்ல நான் உள்ள போயிட்டா ஒனக்குப் பேர் விழாதேன்னு ஒதுங்கிட்டேன்."

படிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் நிற்க, கணக்கப்பிள்ளை பேரையும் நம்பரையும் கூப்பிடுவார். கூப்பிட்டு வேலைக்குப் போனால் பேர் விழும். பாதியில் மழை வந்து திரும்பினால் அரைப் பேர். பேர் கூப்பிடாதவன் வரிசையை விட்டு விலகி, சுவரோரம் நின்று காத்திருக்க வேண்டும். நூற்றி நாற்பத்திரண்டு என்பது அண்ணனின் செக்ரோல் நம்பர்.

நான் முதலில் சிரித்துவிட்டேன். இத்தனை பெரிய பூங்காவில், காசு வாங்கிக்கொண்டு விளையாட விடுகிற இடத்தில், அண்ணன் பெரட்டு நின்றிருக்கிறார். பிறகு அவர் மணிக்கட்டில் என் பேரைப் பார்த்தேன். கதவு திறந்த பிறகும் அவர் அங்கே நின்றது எனக்கு ஒரு நாள் பேர் குறையக் கூடாது என்றுதான். சிரித்த வாயை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.

பூங்காவைப் பற்றி நிறைய எழுதலாம். தலைகீழாகச் சுழற்றும் வண்டியைப் பார்த்துவிட்டு அண்ணன், "இதுக்குக் காசு குடுத்து வேற ஏறுறாங்களா?" என்றார். பிள்ளைகள் ஏறும் சின்ன ரயிலில் மட்டும் இரண்டு தரம் ஏறினார். மதியம் மழை தூறியதும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டார்கள். சுற்றிலும் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் சத்தமே போட்டார். அண்ணன் மட்டும் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். மழைக்கு வேலை நிற்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான்.

மழை விட்டதும் இருவரும் பெரிய ராட்டினத்தில் ஏறினோம். எங்கள் பெட்டி உச்சிக்குப் போனபோது அது நின்றுவிட்டது. ஏதோ கோளாறு, பத்து நிமிடம் பொறுங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. கதவு பூட்டியிருந்தது. அண்ணன் எங்கேயும் எழுந்து போக முடியாது. இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று கேட்டுவிட்டேன்.

"அண்ணே, மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாளுதான் இருக்கு. வீட்டுக்கு வந்துருங்க. மேல ரூம் சும்மாதான் கெடக்கு."

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க பாரு தம்பி. பால் மரம்."

வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்கு அப்பால், மதிலை ஒட்டி, ஒரே நிரையில் எட்டோ பத்தோ ரப்பர் மரங்கள் நின்றன. எனக்கு அவை வெறும் மரங்களாகத்தான் தெரிந்தன. ராட்டினம் மறுபடி சுற்றத் தொடங்கியது.

இறங்கியதும் அண்ணன் நேரே அங்கே நடந்தார். நான் பின்னால் போனேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் அந்த மரங்கள் வயதாகி, இலை உதிர்த்து நின்றன. பழைய வெட்டுத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல வெட்டுக்காரன்யா. பட்டையத்தான் சீவியிருக்கான், கத்தி ஒரு எடத்திலயும் உள் மரத்தில படல" என்றார்.

"என்னா பாக்குறீங்க?" என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. பூங்காவின் பச்சைச் சட்டை போட்ட ஒருவர், அண்ணன் வயதுதான் இருக்கும், விளக்குமாறோடு நின்றார். மாரியப்பன் என்று பேர் சொன்னார்.

"பால் மரம் பாக்குறோம். நான் ஸ்ரீலங்காவில வெட்டுறேன்" என்றார் அண்ணன்.

"அப்படியா! அங்கயும் பெரட்டு இருக்கா?"

"பெரட்டு இல்லாம? இன்னைக்குக் காலையில கூட ஒரு பெரட்டு நின்னேன்."

இருவரும் சிரித்தார்கள். கடல் தாண்டிப் போன அந்தச் சொல்லை இருவரும் ஒரே மாதிரி உச்சரித்தார்கள். நாங்கள் பாலைச் சிரட்டையில் பிடிக்கிறோம் என்று அண்ணன் சொன்னதும், இங்கே அதற்குப் பேர் மங்கு என்று மாரியப்பன் சொன்னார். வெட்டில் காய்ந்து ஒட்டும் ஒட்டுப்பாலின் நாற்றம் மட்டும் எந்த நாட்டிலும் மாறாது என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

"இது பூராவும் எங்க எஸ்டேட்டுதான். நீங்க எங்க தங்கியிருக்கீங்க? உள் ஹோட்டலா? அங்கதான் எங்க லயம் இருந்துச்சு. நான் பொறந்ததும் அங்கதான்" என்றார் மாரியப்பன்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஹோட்டலைத் திரும்பிப் பார்த்தார். "லயத்தில இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?"

"எஸ்டேட்டை வித்ததும் ஆளுக்கொரு பக்கம். வெளிய சின்னதா ஒரு எடம் பாத்து வெச்சிருந்தவங்க சாமானைத் தூக்கிட்டுப் போனாங்க. மத்தவங்க தெரிஞ்சவங்க வீட்டு ஹால்ல படுத்தாங்க. நாங்க ஒண்ணரை வருஷம் என் மச்சான் வீட்டு ஹால்ல."

"இப்ப?"

"டவுன்ல ஒரு பிளாட்டு, வாடகைக்கு. காலையில பஸ்ல வருவேன். அஞ்சு மணிக்குக் கார்டத் தட்டிட்டு வெளிய போயிருவேன்."

"பொறந்த எடத்துக்கு வெளிய இருந்து வர்றது கஷ்டமா இல்லியா?"

மாரியப்பன் விளக்குமாற்றை மரத்தில் சாத்தினார். "மொத வருஷம் அழுதேன். பொய் சொல்ல மாட்டேன். இப்ப ஒண்ணு பழகிப்போச்சு. கேட்டுக்கு வெளிய போயிட்டேன்னா என்னைய யாரும் கூப்பிட முடியாது. கதவைச் சாத்தினா சாத்தினதுதான். எங்க அப்பாவுக்கு அது ஒரு நாளும் கெடைக்கல."

எனக்கு இந்தப் பேச்சு எங்கள் விஷயத்துக்கு நல்ல உதவி என்று பட்டது. மனுஷன் எனக்காகவே பேசுகிறார் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் கேட்டார். "தம்பி, இன்னைக்கு ராவு அந்த வெளி எடத்தில தங்க முடியுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்கதானேண்ணே உள்ளுக்குப் போடச் சொன்னீங்க?"

"ஆமா. வெளி எப்படி இருக்கும்னு தெரியாம சொன்னேன்."

நளினுக்குப் போன் செய்தேன். அவர் விசாரித்துவிட்டு, ஒரு தம்பதி மாறிக்கொள்ள விரும்புகிறார்கள், நோனாவுக்கு உள் ஹோட்டலைப் பார்க்க ஆசை என்றார். பின்னேரம் பெட்டிகளோடு வந்து இறங்கியது டயர் மாற்றும்போது பேசிய அதே நோனா. அவர் அண்ணனைப் பார்த்துப் பெட்டியைத் தூக்கும்படி கையைக் காட்டினார். கெட்ட மனசால் இல்லை, அப்படித்தான் நினைத்திருந்தார்.

"நோனா, இவர் என் கூடப் பிறந்த அண்ணன்" என்று சிங்களத்தில் சொன்னேன். ஒரு நாள் பிந்தி.

நோனாவின் முகம் சிவந்துவிட்டது. அண்ணன் என்னை விட நல்ல சிங்களத்தில், "பரவாயில்லை நோனா. குளியலறையில் இடது பக்கக் குழாய் கொதிக்கும், பார்த்துத் திறங்கள்" என்றார். பிறகு மணிக்கட்டில் இருந்த நீலப் பட்டியைக் காவல்காரரிடம் கத்திரிக்கோல் வாங்கி வெட்டினார். எங்கள் முறுக்கையும் சம்பலையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

வெளி லொட்ஜ் ஒரு பழைய மாடிக் கட்டடம். சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அதை நடத்திய சீனப் பெண்மணி தடித்த ஒரு புத்தகத்தைத் திருப்பி வைத்து, ஆளாளுக்குப் பேர் எழுதச் சொன்னார். அண்ணன் பேனாவை வாங்கித் தமிழில் மெதுவாக எழுதினார். மு. பெருமாள். பக்கத்துக் கட்டத்தில் விலாசம் எழுத வேண்டும்.

அங்கே அவர் கை நின்றுவிட்டது. "லயத்த எழுதலாமா தம்பி? இன்னும் பதினெட்டு நாளு இருக்கு."

"கடை விலாசத்தைப் போடுங்கண்ணே."

அவர் யோசித்தார். பிறகு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். அந்தப் பெண்மணி சாவியை அவர் கையில் கொடுத்தார். இரும்புச் சாவி. அதை அவர் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார்.

கீழே ஒரு ரொட்டிக் கடை. மாவைக் காற்றில் வீசி அடித்துச் சுட்டார்கள். பருப்புக் கறியைத் தள்ளி வைத்துவிட்டு வசந்தியின் கட்ட சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டோம். அண்ணன் மூன்று ரொட்டி சாப்பிட்டார். கண்ணாடி டம்ளரில் நுரை பொங்கத் தேத்தண்ணி வந்தது. அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பதில் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"நான் லயத்தை விட்டுர்றேன் தம்பி."

"அதானே! ஊருக்குப் போனதும் மேல் ரூமுக்கு ஒரு ஃபேன் போட்டு..."

"ஒன் வீட்டுக்கும் வரல."

நான் பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டேன். "அப்ப எங்க போவீங்க?"

"கரவனெல்லயில ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு சிங்கள அக்கா காம்பரா ஒண்ணு மாசக் கூலிக்கு விடுது. தனி வாசல். சம்பளத்தில புடிச்ச சேமலாபப் பணம் வரும். பக்கத்தில தனியார் ரப்பர் காணி இருக்கு, வாரத்தில நாலு நாளு வெட்டுவேன். எனக்குப் போதும்."

"சொந்தத் தம்பி வீடு காலியா கெடக்க, நீங்க சிங்கள வீட்டில கூலிக்கு இருந்தா ஊர்ல என்னை என்ன சொல்லுவாங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "லயத்தில இருந்தா அது தோட்டத்துக்காரன் குடுத்த எடம். மேல்மாடியில இருந்தா அது நீ குடுத்த எடம். நீ மனசாரத்தான் குடுக்குற, எனக்குத் தெரியும். ஆனா ரெண்டும் உள்ளுக்குத்தான். ஒரு தரமாச்சும் வெளிய இருந்து பாக்குறேனே."

"நான் உங்கள அப்படியா வெச்சிருப்பேன்?"

"நேத்து டயர் மாத்தினப்ப அந்த நோனா சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நீ கண்ணாடி தேடினதையும் பாத்தேன்." அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "இன்னைக்கு அண்ணன்னு சொன்ன. சந்தோசமா இருந்துச்சு. ஆனா நான் யாருன்னு நீ ஒவ்வொருத்தருக்கும் சொல்லித்தான் வெளங்கணும்னா, அந்த எடத்தில நான் இருக்கக் கூடாது தம்பி."

எனக்கு அப்போது வந்தது வெட்கம் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அது கோபமாகத்தான் வந்தது. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். அண்ணன் எஞ்சிய சம்பலைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்தார்.

*

மூன்றாம் நாள் திரும்பி வந்தோம். விமானத்தில் நான் தூங்குவதாகப் பாவனை செய்தேன். அவரும் அதை நம்புவதாகப் பாவனை செய்தார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து வேன் வந்த வழியெல்லாம் மழை. அவிசாவளை தாண்டியதும் ரப்பர் மரங்கள் தொடங்கின. அண்ணன் தோட்டத்துச் சந்தியில் இறங்கிக்கொண்டார்.

மாதக் கடைசியில் அவர் பேரை வெட்டினார்கள். வசந்தி போய்ச் சாமான்களை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் கடையை விட்டு நகரவில்லை. "ஒரு சின்ன ரூம்தான். ஆனா ஜன்னல்ல திரை போட்டிருக்காரு" என்று அவள் சொன்னாள். நான் கேட்காத மாதிரி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் இரண்டொருவர் "என்ன முதலாளி, அண்ணன் கூலி வீட்டிலயாமே" என்று விசாரித்தார்கள். ஒவ்வொரு தரமும் எனக்கு நெருப்பை விழுங்கியது போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், நாங்கள் சாப்பிட உட்காரப் போகும் நேரம். மகள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "அப்பா, பெரியப்பா முன் கேட்ல நிக்கிறாரு. ஏன் பின்னால வரல?" என்றாள்.

அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அண்ணன் என் வீட்டுக்கு வந்ததெல்லாம் பின்வாசல் வழியாகத்தான். உடுப்பில் பால் நாற்றம், கடையில் ஆட்கள் இருப்பார்கள் என்று அவராகவே சுற்றிக்கொண்டு வருவார். குசினிப் படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். முன்பக்கமாக வாங்கண்ணே என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

முன் கேட்டுக்குப் போனேன். அண்ணன் குளித்து, தலை வாரி, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பெட்டியும். கேட் திறந்துதான் கிடந்தது. அவர் வெளியே நின்றார்.

"என்னண்ணே இங்க நிக்கிறீங்க?"

"கூப்பிட்டா வரலாம்னுதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஓர் அடியும் முன்னே வைக்கவில்லை.

"வாங்கண்ணே" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி உரக்க, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்றேன்.

அவர் முன்படியில் செருப்பைக் கழற்றி வைத்தார். பிஸ்கட் பெட்டியை மகளிடம் கொடுத்துவிட்டு, முன்னறைக் கதிரையில் உட்கார்ந்தார்.